பாவுக்கு வழிவிட்ட ஊர்வலம்

இந்த ஊரில் முதல் டிஷ் ஆன்டெனாவை மொட்டை மாடியில் ஏற்றி நிறுத்தியவன் நான். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டேன். கூரம் பக்கத்தில் அப்பாவுக்கு இருந்த நிலத்தில் அண்ணன்மார் இறங்கினார்கள். நான் ரேடியோ ரிப்பேர் கடையில் சால்டரிங் பிடிக்கப் போனேன். பிறகு வீட்டுக்கு வீடு ஒயர் இழுத்தேன். காஞ்சிபுரத்தில் என் கால் படாத மொட்டை மாடி கிடையாது. படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களுக்கெல்லாம் கருட சேவையை வீட்டுக்குள் கொண்டுவந்து காட்டியவன் நான்தான். கலெக்டரே ஒருமுறை போனில் கூப்பிட்டு, "நல்லா பண்றீங்க" என்றார்.

அப்படி வளர்ந்த என் உள்ளூர் சேனலை ஒரு பெரிய கம்பெனி கேட்டு வாங்கியது. நானாகப் போய் விற்கவில்லை, அவர்கள்தான் வந்தார்கள். என்னை ஆலோசகர் என்று சொல்லி, ஏசி அறையும் சுழல் நாற்காலியும் கொடுத்தார்கள். உள்ளூர்ச் செய்தி முடிந்ததும் திரையின் அடியில் என் பெயர் ஓடும். கேமராமேன் நான் வளர்த்தவன், அவனையும் வைத்துக்கொண்டார்கள். செய்தியை எடுத்து அனுப்புவது மட்டும் எங்கள் வேலை. அதை எழுதுவதும் வெட்டுவதும் சென்னையில். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சமைப்பவன் ஒருத்தன், பரிமாறுகிறவன் ஒருத்தன் என்றுதான் நினைத்திருந்தேன்.

என் மகள் இங்கே ஒரு தனியார் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறாள். பல வருஷமாகத் தற்காலிகம்தான். ஒவ்வொரு ஜூன் மாதமும் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று வீடே போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த வருஷம் நிரந்தரம் செய்வதாகக் கல்லூரியில் வாயால் சொல்லிவிட்டார்கள். ஆர்டர் கையில் வர வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரத்தில்தான் கடல் தாண்டி நடந்துகொண்டிருந்த யுத்தம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. போனைத் திறந்தால் இடிந்த வீடு, துணியில் சுற்றிய குழந்தை. மகள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அதைப் பார்ப்பாள், தட்டைத் தள்ளிவிடுவாள். பிறகு அவளும் அவள் மாணவிகளும், மசூதித் தெருப் பெண்களும், பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரக் குடும்பங்களும், திருப்பருத்திக்குன்றத்திலிருந்து செருப்பில்லாமல் வந்த ஒரு ஜைனப் பெரியவருமாகச் சேர்ந்து ஊர்வலம் போவது என்று முடிவு செய்தார்கள். கோஷம் கிடையாது. அட்டையைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் கலெக்டர் ஆபீஸ் வரை நடப்பது. போலீஸில் அனுமதியும் வாங்கியிருந்தாள்.

"உனுக்கு ஆர்டர் வர்ற நேரம்மா" என்றேன்.

"நடக்கறதுக்கு இன்னாபா? கோயிலுக்கு நடக்கறோம். இதுக்கும் நடக்கறோம்."

"சரி, நடக்கறதுதான் நடக்கற. நம்ம கேமரா வரும். நல்லா எடுத்துப் போடச் சொல்றேன்."

நான்தான் கேமராவை அனுப்பினேன். யாரும் கேட்கவில்லை. என் மகள் நடக்கிறாள், என் சேனலில் வர வேண்டாமா?

காலையில் கிளம்பியது ஊர்வலம். பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றின் வழியாகத்தான் மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும். காலை நேரத்தில் அந்தத் தெருவில் பாவு விரிப்பார்கள். சேலையின் நீளவாட்டு நூலைத் தெரு நீளத்துக்குக் கட்டைகளில் தாங்கி இழுத்துக் கட்டி, அறுந்த இழையை முடிந்து, சிக்கெடுத்துச் சுருட்டுவார்கள். ஆயிரக்கணக்கான பட்டு இழை. ஒரு மாட்டின் வால் பட்டால் போதும், பல நாள் உழைப்பு போச்சு. அதனால் பாவு விரித்த தெருவில் யாரானாலும் ஓரமாகத்தான் போக வேண்டும். பெண் வீட்டுச் சீர்வரிசை வந்தாலும், பிணம் வந்தாலும், எம்.எல்.ஏ. வந்தாலும். பாவுக்காரர் தலைமாட்டில் கையை விரித்துக்கொண்டு நின்று, "ஓரமா போ, ஓரமா போ" என்று கத்துவார். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்றைக்குப் பாவு விரித்திருந்தவர் என் பழைய சிநேகிதர். அவர் வீட்டுக்கு நான்தான் முதன்முதலில் கேபிள் கொடுத்தேன். ஊர்வலம் வந்ததும் வழக்கம்போல் கையை விரித்தார், கத்தினார். ஊர்வலம் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் சுவரை ஒட்டி ஒவ்வொருவராக நடந்தது. கையிலிருந்த அட்டைகள் நூலில் பட்டுவிடக் கூடாதே என்று எல்லோரும் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார்கள். அவர் மனைவியும் அந்த ஊர்வலத்தில் இருந்தார். தெரு தாண்டியதும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்து, அட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் கும்பிட்டார்கள். காந்தி ரோட்டுப் பட்டுக்கடைக்காரர்கள் தண்ணீர் கொடுத்தார்கள். இதையெல்லாம் என் கேமராமேன் எடுத்திருந்தான். எடுத்ததும் என்னிடம் காட்டினான். நன்றாக எடுத்திருந்தான். பின்னே, யார் வளர்ப்பு?

சாயங்காலம் செய்தி பார்க்க வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தோம். என் மனைவி பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள்.

என் சிநேகிதர் திரையில் வந்தார். கையை விரித்துக்கொண்டு நிற்கிறார். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. பின்னணியில் ஏதோ டமடமவென்று இசை. அவருக்கு முன்னால் வருகிற கூட்டம் தலையையும் அட்டையையும் தாழ்த்திக்கொண்டு இரண்டாகச் சிதறுகிறது. கீழே எழுத்து ஓடியது: போராட்டக்காரர்களை விரட்டியடித்த நெசவாளர்கள், காஞ்சிபுரத்தில் பொதுமக்கள் கொதிப்பு.

பாவைக் காணோம். தெரு நீளத்துக்குக் கிடந்த பாவு, ஓர் இழைகூட இல்லை. தண்ணீர் கொடுத்தவர்கள் இல்லை. அட்டையில் எழுதியிருந்தது எதுவும் தெரியவில்லை. அது முடிந்ததும் என் பெயர் ஓடியது.

பக்கத்து வீட்டுக்காரி, "இன்னாக்கா, வெரட்டினாங்களா?" என்றாள்.

என் மனைவி அவள் பக்கம் திரும்பவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "நல்லா எடுத்துப் போடச் சொல்றேன்னியே. போட்டாங்க."

மகள் எழுந்துபோய் முகம் கழுவினாள். வெகுநேரம் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. வேறு சேனல்களைத் திருப்பிப் பார்த்தேன். அவற்றில் ஊர்வலம் நடந்ததாகவே இல்லை. காலையில் பேப்பர் வாங்கிப் பார்த்தால் அதே கை விரித்த படம், அதே தலைப்பு. போனைத் திறந்தால் அதிலும் அதேதான்.

"மூணு பேர் சொல்றாங்களேம்மா, மூணு பேரும் ஒண்ணாவா தப்பு பண்ணுவாங்க?" என்றேன்.

"மூணும் உன்னோட கம்பெனிதான்பா" என்றாள். "டிவி, பேப்பர், ஆப். ஒருத்தர்தான் மூணு வாயால பேசறாரு."

அது எனக்குத் தெரியும். ஆனால் அப்படி வரிசையாக வைத்துப் பார்த்ததில்லை.

பேப்பரை மடித்து வைப்பதற்குள் என் சிநேகிதர் வந்துவிட்டார். கையில் ஒரு பொன்னாடை. சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் அப்படியே மதிலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"இன்னா அண்ணாத்த இது? காலைல நாஷ்டா துன்னுக்கினு இருக்கேன், எவனோ ஒரு கூட்டம் வந்து இத என் தோள்ல போட்டு போட்டோ எடுத்துக்கினு போறான். தேசத்துரோகிங்கள வெரட்டினீங்களாம், வாழ்த்துக்கள்ன்றான். நான் யார வெரட்டினேன்?"

"உக்காருபா."

"உக்கார்ற மாரியா வெச்சிருக்கற? அந்த ஊர்வலத்துல என் பொண்டாட்டி வந்தா. நான் கைய விரிக்கறேன், அவ மூஞ்ச சுளிச்சிக்கினு ஓரமா போறா. அத போட்டு, நான் வெரட்டினேன்றான். ஊரு உலகத்துல எவனாவது பொண்டாட்டிய வெரட்டிட்டு சாயங்காலம் அவ கையால சோறு துன்ன முடியுமா? ஆரணிலருந்து மச்சான் போன் பண்ணி, எங்க அக்காவ தெருவுல நிக்க வெச்சி அசிங்கப்படுத்துவியான்றான்."

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. எனக்கு வரவில்லை. அந்தச் சமயம் என் போன் அடித்துக்கொண்டிருந்தது. கல்லூரி பிரின்சிபால்.

அவர் இந்த ஊர்க்காரர், நல்ல மனுஷன். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "சார், நான் பாத்தவுடனே தெரிஞ்சிக்கினேன், அது பாவுக்கு விரிச்ச கைன்னு. எங்க வீட்லயும் தறி ஓடுச்சி. ஆனா எங்க தாளாளர் வெளியூரு. டிவில பாத்துட்டு, பப்ளிக் வெரட்டி அடிச்ச ஆளுக்கா பர்மனென்ட் ஆர்டர்னு கேக்கறாரு. ஃபைல நிறுத்திட்டாரு. நான் பாத்தது செல்லாது சார். டிவில வந்ததுதான் செல்லும். நீங்க அந்த சேனல்தானே? விரட்டலன்னு ஒரே ஒரு வரி போடச் சொல்லுங்க. அத வெச்சி நான் பேசிக்கறேன்."

ஒரு வரிதானே! இந்த ஊருக்கே படம் காட்டியவனுக்கு ஒரு வரி வாங்க முடியாதா? வேட்டியை மாற்றிக்கொண்டு சென்னைக்குக் காரில் கிளம்பினேன்.

கம்பெனியின் தலைமை ஆபீஸுக்கு அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் போயிருந்தேன், விற்ற அன்றைக்கு. அப்போது மாலை போட்டு லிஃப்டில் ஏற்றி அழைத்துப் போனார்கள், எதையும் பார்க்கவில்லை. இந்த முறை வரவேற்பறையில் காத்திருக்க வைத்தார்கள். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் சின்ன விமானம் ஒன்று நின்றது. அதைச் சுற்றி விளக்கு.

வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "இது இன்னாம்மா, பொம்மையா?" என்று கேட்டேன்.

"இல்ல சார், நம்ம குரூப்போட டிஃபென்ஸ் கம்பெனி. ஆள் இல்லாம பறக்கறது. இதுக்கு பார்ட்ஸ் எல்லாம் உங்க பக்கம்தான் சார் பண்றாங்க, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி."

எந்த நாட்டுக்கு விற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதக் கூடாது. ஆனால் மகளின் மாணவி ஒருத்தி பிடித்திருந்த அட்டை ஞாபகத்துக்கு வந்தது. கேமராமேன் காட்டியபோது பார்த்தேன். 'எங்கள் ஊர்ப் பக்கம் செய்யும் சாமான் எந்தக் குழந்தைமேலும் விழ வேண்டாம்' என்று எழுதியிருந்தாள்.

செய்தி ஆசிரியர் வந்தார். என் பிள்ளை வயசுதான் இருக்கும். எழுந்து நின்று கை கொடுத்தார், காபி வரவழைத்தார். நான் போட்ட சத்தத்துக்கு வேறு யாராவது என்றால் நாற்காலியை விட்டு எழுந்து ஓடியிருப்பார்கள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"யார் இப்படிப் போடச் சொன்னது?" என்றேன்.

"யாரும் சொல்லல சார். ப்ராமிஸா. டெஸ்க்ல ஒரு பொண்ணுக்கு விஷுவல் வந்துச்சு. ஒருத்தர் கைய விரிக்கறாரு, கூட்டம் பிரியுது. அந்தப் பொண்ணு திருநெல்வேலி. பாவெல்லாம் அதுக்குத் தெரியாது சார்."

"தெரு நீளத்துக்குக் கெடக்குதே, கண்ணுமா தெரியல?"

"செல்போனுக்கு நெட்டுவாக்குல வெட்டுவோம் சார். அதையேதான் டிவிலயும் போட்டாங்க, வெட்டினதுல போயிடுச்சு."

"சரி. தெரியாம நடந்துச்சி. அட்டைல எழுதினது ஒண்ணுகூட வரலியே, அதுவும் வெட்டினதுல போச்சா?"

அவர் காபிக் கோப்பையை நகர்த்தி வைத்தார். "அது... அந்த அட்டை வேணாம் சார்."

"யாரு வேணாம்ன்னா?"

"யாரும் சொல்ல வேண்டியதில்ல சார். நமக்கே தெரியும்ல."

எனக்கு இந்தப் பதில் பிடிபட நேரம் ஆனது. நான் சேனல் நடத்திய காலத்திலும் விளம்பரம் கொடுக்கிற பட்டுக்கடை முதலாளி வந்து மேஜையைத் தட்டுவார், என் கடையைப் பற்றி எப்படிப் போடலாம் என்பார். நானும் தட்டுவேன். மறுநாள் காந்தி ரோட்டில் பார்த்துக்கொள்வோம், டீ குடிப்போம். அங்கே தட்டுவதற்கு ஒரு கை இருந்தது, நான் திருப்பிக் கத்துவதற்கு ஒரு முகம் இருந்தது. இங்கே முதலாளியை இந்த ஆசிரியரே நேரில் பார்த்ததில்லையாம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் அந்தக் கண்ணாடிப் பெட்டி நிற்கிறது. தினம் காலையில் எல்லோரும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார்கள், அவ்வளவுதான்.

"விரட்டலன்னு ஒரு வரி போட்டுடுங்க. என் பொண்ணு வேல தொங்குது" என்றேன். கத்துவதை விட்டிருந்தேன்.

"திருத்தம் போட்டா, எதனால போட்டீங்கன்னு மேல கேப்பாங்க சார். ஃபுல் ஃபுட்டேஜ் எடுத்துப் பாப்பாங்க. அந்த அட்டைய பாப்பாங்க. இத எடுத்த உங்க கேமராமேன் யாருன்னு பாப்பாங்க." கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "ஒண்ணு பண்ணலாம் சார். இந்தப் பாவு மேட்டர் சூப்பரா இருக்கு. ஒரு ஸ்பெஷல் பண்ணிடலாம். அவரையே பேச வெச்சு, கைய ஏன் விரிக்கறோம்னு அவர் வாயாலயே சொல்ல வெச்சிடலாம். பாக்கறவங்களுக்குப் புரிஞ்சிடும்ல?"

புரிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு வரி கேட்டவனுக்கு அரைமணி நேரம் தருகிறார்கள். திரும்பி வரும் வழி முழுக்க மனைவிக்கும் பிரின்சிபாலுக்கும் சிநேகிதருக்கும் போன் போட்டு, சாதித்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மகள் மட்டும், "ஊர்வலத்த பத்தி வருமாபா?" என்று கேட்டாள்.

"அவரு வாயால வருதும்மா. வேற இன்னா வோணும்?"

சொன்னபடி சென்னையிலிருந்து பெரிய கேமராக்கள் வந்தன. பூச்சி மாதிரி ஒன்றைத் தெருவுக்கு மேலே பறக்கவிட்டு எடுத்தார்கள். சிநேகிதர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வெகுநேரம் பேசினார். அன்றைக்கு ஊர்வலம் வந்ததையும், தன் மனைவி வந்ததையும், தான் யாரையும் விரட்டவில்லை என்பதையும் இரண்டு தடவை சொன்னார். நான் பக்கத்திலேயே நின்று கேட்டேன்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரியை யாரும் கூப்பிடவில்லை, தானாகவே வந்தாள். நாதஸ்வரம். விடியற்காலை வெளிச்சம். தெரு நீளத்துக்குப் பாவு தங்கத்தகடு மாதிரி மின்னியது. பார்க்கக் கண் போதவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். சிநேகிதர் வந்தார், கையை விரித்துக் காட்டினார். "பாவு விரிச்சா யாரா இருந்தாலும் ஓரமாத்தான் போவணும்" என்றார். அதோடு அவர் பேச்சு நின்று மறுபடி நாதஸ்வரம் வந்தது. ஊர்வலம் என்ற சொல்லே வரவில்லை. முடிந்ததும் ஒரு பட்டுக்கடை விளம்பரம்.

"ரொம்ப அழகா இருக்குதுபா" என்றாள் மகள். "நாங்கதான் அதுல இல்ல."

அன்று நான் பிரஷர் மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொண்டேன் என்று மனைவி சொல்கிறாள். இருக்கலாம். விரட்டின செய்தி ஒரு கோடியில் நிற்கிறது, பாவு நிகழ்ச்சி இன்னொரு கோடியில் நிற்கிறது. இரண்டிலும் ஒரே தெரு, ஒரே ஆள், ஒரே கை. இந்த ஊரில் இருக்கிறவன் சேர்த்துப் பார்த்துக்கொள்வான். வெளியில் இருக்கிறவனுக்கு யார் சேர்த்துக் காட்டுவது? கல்லூரியிலிருந்து சத்தமே இல்லை. போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

ஒருநாள் அடித்தது.

"சார், தாளாளர் அந்த பாவு புரோகிராம பாத்துட்டாரு" என்றார் பிரின்சிபால்.

"புரிஞ்சிதா?"

"எங்க? ரெண்டையும் முடிச்சுப் போடவே இல்ல. ரொம்ப நல்லா இருந்துச்சின்னு சொல்றாரு. அவரு பொண்ணுக்கு தை மாசம் கல்யாணம். பாவ நேர்ல பாத்து, நெய்யறவங்க கையாலயே சேலை வாங்கணுமாம். யாரையாவது தெரியுமான்னு கேக்கறாரு."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "நான் கூட்டினு போறேன்னு சொல்லு. காலைல வரச் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத."

மகளிடம் சொன்னபோது அவள் வர மறுத்துவிட்டாள். "என்ன விசாரிக்கணும்னா என்ன கூப்ட்டு விசாரிக்கட்டும். சேல வாங்க வர்ற எடத்துல நான் போய் நிக்க மாட்டேன்." அவள் அப்படித்தான். என் பிடிவாதம்.

தாளாளர் பிரின்சிபாலோடு பெரிய காரில் வந்து என்னையும் ஏற்றிக்கொண்டார். அவரும் என்னைப்போலக் கீழேயிருந்து வந்தவர். மண் லாரி ஓட்டி, காண்ட்ராக்ட் எடுத்து, கல்லூரி கட்டியவர். அதனால் அவரிடம் எனக்குப் பயமும் இருந்தது. தன் கண்ணால் பார்த்ததைத் தவிர வேறு எதையும் நம்பாத ஜாதி நாங்கள். டிவியில் பார்த்ததையும் கண்ணால் பார்த்த கணக்கில்தான் அவர் வைத்திருந்தார்.

தெரு முனையில் கார் திரும்பியது. பாவு விரித்திருந்தது. டிரைவர் ஹார்ன் அடித்தான். என் சிநேகிதர் திரும்பிப் பார்த்தார். நான் வரப்போவதை மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தேன், யாரோடு என்று சொல்லவில்லை. சொன்னால் நடிக்க ஆரம்பித்துவிடுவார்.

கையை விரித்தார். "இன்னாயா ஹாரன் அட்ச்சிக்கினு? கண்ணு தெரியல? வண்டிய அங்கியே நிறுத்து! எறங்கி ஓரமா வா, ஓரமா வா!"

காருக்குள் இருந்த நான் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டேன். தாளாளரை இப்படி யாரும் அதட்டி நான் கேட்டதில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு கணம் சிவந்தது. பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். வேட்டி நுனி இழையில் படாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, தலையைக் குனிந்து ஓரமாக நடந்தார். பின்னால் பிரின்சிபால், அவருக்குப் பின்னால் நான். தலைமாட்டுக்கு வந்து சேர்ந்ததும் தாளாளர் மூச்சு வாங்கச் சிரித்தார். "டிவில பாத்தப்ப இவ்ளோ நீளம்னு தெரியலியே!"

சிநேகிதரின் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிரின்சிபாலைப் பார்த்ததுமே அந்த அம்மாவுக்கு வந்திருப்பது யார் என்று புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.

"ஐயா, தண்ணி குடிங்க" என்றார். "ஒண்ணு கேப்பேன், கோச்சிக்கக் கூடாது."

"கேளும்மா."

"இப்ப எங்க வூட்டுக்காரு கைய விரிச்சாரு, நீங்க தலைய குனிஞ்சிக்கினு ஓரமா வந்தீங்க. இத ஒருத்தன் போட்டோ புடிச்சி, காலேஜ் மொதலாளிய நெசவுக்காரங்க வெரட்டி அட்ச்சாங்கன்னு டிவில போட்டா, உங்க பொண்ணு கல்யாணத்துக்கு வர்றவங்க இன்னா நெனைப்பாங்க?"

தாளாளர் செம்பை வாயிலிருந்து எடுத்தார். சிநேகிதரைப் பார்த்தார். செய்தியில் கை விரித்து நின்ற முகம் அதுதான் என்று அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். திரும்பித் தான் வந்த சுவரோரத்தைப் பார்த்தார், பாவைப் பார்த்தார். தெருவில் யாரோ அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார்கள்.

"அந்த ஆளு நீதானா?" என்றார்.

"நான்தாங்க. இதோ, நான் வெரட்டின ஆளு இவதான். இன்னும் வூட்டுலதான் கீறா" என்றார் சிநேகிதர், மனைவியைக் காட்டி.

தாளாளர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு முடியும்வரை நம்பிக்கை வரவில்லை. சேலை பார்த்தார், இரண்டு எடுத்தார். காரில் ஏறும்போது பிரின்சிபாலிடம், "அந்தப் பொண்ணு ஆர்டர திங்கக்கிழம குடுத்துடு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா எங்க டிரஸ்ட்ல மத்தவங்களும் டிவி பாத்துருக்காங்களே. அவங்க கேட்டா நான் இன்னா சொல்றது?"

கார் பக்கத்தில் நின்றிருந்த அந்த அம்மாதான் பதில் சொன்னார். "அவங்களையும் கூட்டினு வாங்க. தெரு எங்கியும் போவாது."

ஆர்டர் வந்தது. மகள் அதை எனக்குப் படித்துக் காட்டினாள். நான் இனிப்பு வாங்கிவந்து தெருவெல்லாம் கொடுத்தேன். ஒரு வரிகூட வாங்காமல் காரியத்தை முடித்தவன் நான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். சொன்னது உண்மைதான். ஆனால் ஒவ்வொருத்தரிடமும் சொல்லும்போது அவர் போனில் அந்தக் கை விரித்த படம் இன்னும் இருக்கிறதே என்ற நினைப்பு வந்துகொண்டிருந்தது. சிநேகிதருக்கு இப்போதும் வாழ்த்துச் சொல்லி முகம் தெரியாதவர்கள் போன் செய்கிறார்கள். பார்த்தவர்கள் அத்தனை பேரையும் நான் எந்தக் காரில் ஏற்றி இந்தத் தெருவுக்குக் கொண்டுவருவது?

என் பெயரைத் திரையிலிருந்து எடுத்துவிடச் சொல்லி சென்னைக்குப் போன் செய்தேன். பார்க்கிறோம் சார் என்றார்கள். முடியாது என்று சொல்லவில்லை. பெயர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

யுத்தம் நிற்கவில்லை. மறுபடி ஊர்வலம் என்றாள் மகள். நிரந்தர வேலைக்காரி இப்போது, நான் சொன்னால் கேட்பாளா? கேமராமேனைக் கூப்பிட்டேன்.

"அன்னிக்கு நான் லீவுண்ணா" என்றான்.

"யாராவது லீவு போடச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலண்ணா." தரையைப் பார்த்தான். பெண்ணுக்குக் காது குத்து வைத்திருக்கிறான், வீட்டு வாடகை இருக்கிறது. நான் மேலே கேட்கவில்லை.

போன தடவையைவிடப் பெரிய கூட்டம் நடந்தது. நானும் கொஞ்ச தூரம் நடந்தேன், முட்டி ஒத்துழைக்கவில்லை. சாயங்காலம் டிவியைப் போட்டுவிட்டு, என்ன எழுத்து ஓடப்போகிறதோ என்று உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஓடவில்லை. கத்தரிக்காய் வறுவல் செய்து காட்டினார்கள். பகலில் நடந்த தெருக்களில் முக்கால்வாசி வீடுகளுக்கு நான் இழுத்த ஒயர்தான். அங்கேயும் இதே வறுவல்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

மகள் காலெல்லாம் புழுதியோடு வந்தாள். திரையை ஒரு பார்வை பார்த்தாள்.

"விரட்டினாங்கன்னு போடலியே, அந்த மட்டும் நல்லதுதானேம்மா?" என்றேன்.

அவள் கால் கழுவப் போனாள். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அடுத்த செய்திக்காகக் காத்திருந்தேன்.